சனிக்கிழமை எழுதிய பிரசங்கங்கள்

அந்த இரண்டு வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சனிக்கிழமை மத்தியானம்தான். பொன்னேரி வயல் பக்கத்து வெயில் ஜன்னல் வரை வந்து நிற்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றும். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் போகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து, போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றிலேயே இருக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போவார். நான் எழுதிக்கொண்டே போவேன். விழித்துக்கொண்டுதான் இருந்தோமா, இரண்டு பேரும் ஒரே தூக்கத்துக்குள் உட்கார்ந்திருந்தோமா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் தகரக் கூரை ஜெபவீட்டில் அவர் மூப்பர். ஞாயிறுதோறும் பிரசங்கம் அவருடையதுதான். குறிப்பு இல்லாமல் விட்டால் மத்தியானச் சோறு ஆறும்வரை பேசுவார். அதனால் நான் கொட்டை எழுத்தில் எழுதித் தரவேண்டும். அம்மா போன பிறகு வீட்டில் அவரும் மகளான நானும்தான்.

நானோ அவருடைய கிறிஸ்தவ மதத்தை விட்டு யூத மதத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வருகிறேன் என்றதும் வா என்று சொல்லிவிட மாட்டார்கள். மாதக்கணக்கில் தள்ளி நிறுத்திப் பார்ப்பார்கள். மும்பையிலிருந்து ஒரு ரபி, அதாவது அவர்களுடைய குரு, போனில் பாடம் எடுத்தார். ஏன் போனாய் என்று இன்றும் கேட்கிறார்கள். சின்ன வயதில் வீட்டில் வேதம் வாசிக்கும்போது முதல் பாதி முடிந்து, யூதர்களுக்கு இல்லாத இரண்டாம் பாதி, இயேசுவின் கதை, தொடங்கும். எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள், நான் முதல் பாதியிலேயே தங்கிவிட்டேன். அதற்கு மேல் விளக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் வார விடுமுறையை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றிக்கொண்டேன். ஞாயிறு டூட்டிக்கு ஆள் கிடைத்ததில் கூட வேலை பார்த்த பெண்ணுக்கு ஏக சந்தோஷம். ஜெபவீட்டில்தான் என் இடம் காலியாகத் தெரிந்தது. அவர்கள் அப்பாவை விசாரித்தார்கள், அப்பா என்னை விசாரித்தார், நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு மூன்று மாதம் என்னோடு பேச்சு இல்லை.

ஆனால் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் நோட்டு என் மடிக்கு வந்துவிடும். "எழுதிக்கோ" என்பார்.

யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று எழுதக் கூடாது. இரண்டு எழுத்து எழுதினாலே மீறல். ஆனால் இன்னும் மாறி முடியாதவர்கள் அந்த நாளை முழுசாகக் கடைப்பிடிக்கவும் கூடாதாம். "வாரம் ஒரு மீறலாவது செய்துவிடுங்கள், ஒரு லைட் சுவிட்சைப் போட்டால்கூடப் போதும்" என்றார் ரபி. பாவத்துக்குப் பயந்தே வளர்ந்த என்னிடம் வாராவாரம் ஒரு தப்பு செய் என்று ஒருவர் சொன்னது வேடிக்கையாக இருந்தது. ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், அதுவே இருக்கட்டும் என்றேன். எதை எழுதுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

அந்த மூன்று மாதப் பிரசங்கங்களும் என்னைப் பற்றியவைதான். விசுவாசத்தை விட்டுப் போன பின்மாற்றக்காரர், கல்நெஞ்சக்காரர், வழி தவறிய ஆடு. என்னைத் திட்டுவதை நானே அழகான கையெழுத்தில், தலைப்புக்குக் கீழே கோடு போட்டு எழுதினேன். "வசன நம்பர் தப்பு நைனா" என்று திருத்தியும் கொடுத்தேன். "கரெக்ட் பண்ணிக்கோ" என்பார், கண்ணைத் திறக்காமல். திட்டுவதற்காவது என்னைத் தேடுகிறாரே என்று இருந்தது எனக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. நான் மாறுவதற்கு நாள் குறித்துவிட்டார்கள். கடைசிச் சனிக்கிழமை அவரிடம் சொன்னேன்.

"அடுத்த வாரத்துலர்ந்து சனிக்கிழம எழுத முடியாது நைனா. வெள்ளிக்கிழமையே எழுதிக் குடுத்துடறேன்."

"எனக்கு சனிக்கிழமதான் பேச்சு வரும்" என்றார். ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "புதுசா பேரு வெப்பாங்களாமே. அப்பன் பேரு இன்னா போடுவாங்க?"

மாறி வருகிற எல்லாருக்கும் தகப்பன் பெயராக யூதர்களின் ஆதித் தகப்பன் பெயரைத்தான் எழுதுவார்கள். "ஆபிரகாம்னு போடுவாங்க."

"அவரு பெரிய ஆளு." பிறகு, "அப்போ நான் யாரு?" என்றார்.

அது சும்மா காகிதத்தில் மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது சும்மா இல்லை, அதனால் சொல்ல முடியவில்லை. அவர் நோட்டை மூடினார். அன்று பிரசங்கமே சொல்லவில்லை. அவரை இழந்துவிட்டேன் என்று சமையலறையில் நின்று அழுதேன்.

மதம் மாறுவதற்கான முழுக்குக்காக மும்பைக் கடலில் இறங்கியது அதிகாலையில். சாட்சியாக மூன்று பெரியவர்கள் கரையில் முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு அம்மாள் மட்டும் தண்ணீருக்குள் என்னோடு வந்தார். உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது என்றார். நகையே போடாத சபையில் வளர்ந்தவள் நான், கழற்ற ஒரு ரப்பர் பேண்டுதான் இருந்தது. மூழ்கினேன். சத்தமெல்லாம் நின்றுபோனது. கண்ணைத் திறந்தால் பச்சையாக ஒரு வெளிச்சம், அதற்குள் காலையும் இல்லை, மாலையும் இல்லை. அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. எழுந்தபோது அவ்வளவு சந்தோஷம். மூச்சு வாங்குவதற்குள் அப்பாவின் கேள்வியும் வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை இருட்டி ஓய்வுநாள் தொடங்குவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். "வந்துட்டியா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் கையை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா நோட்டை எடுத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரே எழுத ஆரம்பித்தார். பிடுங்கி எழுதிக் கொடுத்துவிடலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"படிக்கலாம் இல்ல? படிக்கறதுக்குத் தட இல்லன்னு கேட்டுக்கினேன்." யாரிடம் கேட்டார் என்று சொல்லவில்லை.

எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தலைப்பு, தேராகு. ஆபிரகாமின் அப்பா. கடவுள் கூப்பிட்டார் என்று மகன் கிளம்பிப் போனபோது ஆரான் என்கிற ஊரில் தங்கிவிட்டவர். அவரைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. தகப்பன் செத்த பிறகுதான் மகன் புறப்பட்டான் என்று வேதத்தின் இரண்டாம் பாதி சொல்கிறது. முதல் பாதியில் இருக்கும் வயதுகளைக் கூட்டிக் கழித்தால், மகன் போன பிறகும் தகப்பன் அறுபது வருடம் உயிரோடு இருந்திருக்கிறான். அப்பா முதல் பாதியின் கணக்கை எடுத்து எழுதியிருந்தார்.

"அறுவது வருசம்" என்றார். "அந்த மனுசன் வாசலப் பாத்துக்கினே இருந்திருப்பான். மவன் ஒரு தடவயாவது வந்து பாத்தானா? உங்க ஆளுங்க இன்னா சொல்றாங்க?"

"அதப் பத்தி எதுவும் எழுதல நைனா."

"எங்க பக்கமும் எழுதல."

அதற்குக் கீழே பக்கம் காலியாக இருந்தது. முடிவு வரவில்லை என்றார். நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு மறுபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லு. நான் எழுதிக்கறேன்."

"வந்து பாத்தான்னு போடு நைனா. அடிக்கடி வந்தான்னு போடு."

வேதத்தில் இல்லாத ஒரு வார்த்தையைப் பிரசங்கத்தில் சேர்த்தவர்களோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர் அப்பா. தலையைக் குனிந்துகொண்டு, நான் சொன்னதை அப்படியே எழுதினார்.