ஒரிஜினல் பியட்

என் அண்ணனுடைய பியட் காரை எனக்குப் பிடிக்காது. பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். இண்டூரில் எங்கள் அப்பா வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டு, மேலே துணி போர்த்தி வைத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து பழைய கார் பைத்தியங்கள் வருவார்கள். அண்ணன் ஆரம்பித்துவிடுவான். இத்தாலிக்காரன் குடும்பத்தோடு போவதற்கென்றே செய்த கார், பம்பாய்க்கு வந்தது, பேர் மாறி டிலைட் ஆனது, பத்மினி ஆனது, கடைசியில் டீசல்கூடக் குடித்தது. இவனுடையது அதற்கெல்லாம் முந்திய வகை. முன்கதவு மற்ற கார்களைப் போலில்லாமல் எதிர்ப்பக்கமாகத் திறக்கும்.

"பத்மினி கித்மினியெல்லாம் அப்பறம் வந்த கலப்புங்க. இது ஒரிஜினல்" என்பான்.

அந்தச் சொல்லை அவன் வாயில் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். நான் வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு மாரண்டஹள்ளிக்குப் போனதிலிருந்து என் வீட்டுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் கலப்பு வூடு.

போன மாதம் என் மகள் வயசுக்கு வந்தாள். சடங்குக்குத் தாய்மாமன் சீரோடு அவன் வந்து நிற்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அம்மா வந்தால் போதும். அம்மாவுக்கோ அப்பா வாங்கி ஓட்டிய அந்தப் பியட்டிலேயே வந்து இறங்க வேண்டும் என்று ஆசை. சடங்கு வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஷத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"கொண்டாந்து எறக்கி வுட்டுட்டு நீ திரும்பிடுண்ணா. உள்ளகூட வர வேண்டாம்."

"அந்த வூட்டு வாசல்ல இந்த வண்டி நிக்காது" என்றான், கார் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே.

எனக்கு நாக்கு அடங்கவில்லை. வந்தவர்களிடம் திரும்பினேன்.

"பானெட்டத் தொறந்து பாருங்க. உள்ள இருக்கறது பத்மினி இன்ஜினுங்க. எங்கப்பா தண்ணி ஊத்த மறந்து தொப்பூர் ஏத்தத்துல பழைய இன்ஜினு சீஸாயிப் போச்சு. ஓசூர்ல ஒடச்ச டாக்ஸியிலருந்து எடுத்து மாட்டுனது இது. இதுவும் கலப்புதானுங்க. ஆனா இத யாரும் வூட்ட வுட்டுத் தொரத்தல."

ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர் நிஜமாகவே பானெட் பக்கம் போனார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

என்னோடு வரத் தயாராகி வாசலில் நின்ற அம்மாவை அவன் பார்த்தான்.

"அவகூட ஆட்டோல போ. போனா அங்கயே இருந்துக்க. இங்க திரும்பி வர வேண்டாம்."

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "வாம்மா. நான் பாத்துக்கறேன்."

அம்மா கையை உருவிக்கொண்டாள். பேத்திக்கு எடுத்திருந்த பாவாடை தாவணிப் பையை என்னிடம் நீட்டினாள்.

"முட்டி வலின்னு சொல்லிரு கண்ணு."

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஆயா எங்கம்மா?"

முட்டி வலி என்று நான் சொல்லவில்லை.

"ஒம்மாமன் வுடல" என்றேன். "ஆயாவும் வரல."