முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்

வால்தோவின் பேச்சை இருபத்திரண்டு வருடமாக முழுசாகக் கேட்டவை இரண்டே ஜீவன்கள். ஒன்று அவருடைய பஸ்ஸின் முன்கண்ணாடி, இன்னொன்று நான். ஃபிளாரன்ஸ், சியன்னா, பியென்சா என்று கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்துப் போவது எங்கள் பிழைப்பு. நான் சுற்றுலா நடத்துகிறவள், அவர் டிரைவர். சாலையைப் பார்த்தபடி இருந்தால் அவர் வாய் ஓயாது. நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த நாக்குதான் இரண்டு வருடத்துக்கு முந்திய செப்டம்பரில் அவருக்கு எமனாக வந்தது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது, நவம்பரிலிருந்து பஸ் ஓட்டக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் முதலாளியம்மா பெனெதெத்தா கெட்டவர் இல்லை. தன் முன்னால் பத்து நிமிடம் பேசிக் காட்டினால் என்னைப்போலவே சுற்றுலா நடத்தும் வேலை, இல்லாவிட்டால் பஸ் கழுவும் கொட்டகை என்றார். வால்தோ இரண்டு தடவை போய் நின்றார். இரண்டு தடவையும் வணக்கத்தோடு சரி. மூன்றாவதும் கடைசியுமான தடவை வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களிடம் வந்திருந்தது வடக்கே கூனியோ பக்கத்துக் கோயில் கூட்டம், முப்பத்தொரு பேர். வடக்கத்திக்காரர்கள் அல்லவா, எங்கள் வட்டாரத்தில் நாங்கள் ‘க’வை விழுங்கிப் பேசுவதைக் காலையிலிருந்து நக்கலடித்துக்கொண்டிருந்தார்கள். சியன்னாவில் மாதாவும் குழந்தையும் இருக்கும் பழைய ஓவியம் ஒன்றைக் காட்டினேன். வரைந்த வருடம், சாயத்தில் கலந்த முட்டைக் கரு என்று எல்லாம் சொன்னேன். பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மதியம் ஓர்ச்சா பள்ளத்தாக்கில் ஒரு மேட்டில் பஸ்ஸை நிறுத்தினோம். கூட்டம் மர நிழலில் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸுமாக உட்கார்ந்தது. நான் பஸ் படியில் உட்கார்ந்து வால்தோவிடம் புலம்பினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அதே ஓவியத்தின் தபால் அட்டையை ஸ்டியரிங் பக்கத்தில் பல வருடமாக ஒட்டி வைத்திருக்கிறார். அசலைப் பார்த்ததே இல்லை. டிரைவர் பஸ்ஸை விட்டு எங்கே போவது?

“மாதாவ விடு நிவெஸ், பின்னால குன்றப் பாரு,” என்றார். “சாம்பலா இருக்குல்ல? நம்ம களிமண்ண உழுதுபோட்டா அந்த நிறம்தான். அப்ப இத வரைஞ்ச ஆளு இங்க வந்தது செப்டம்பர்ல. படத்துல அந்தக் கழுதைக்காரன் ஏன் குன்றுல நேரா ஏறாம சுத்திப் போறான்? நேரா போனா கால் புதைஞ்சிரும். இன்னிக்கும் நான் பஸ்ஸ அந்த வளைவுலதான் திருப்புறேன்.”

அதன்பிறகு அவர் நிறுத்தவில்லை. அந்தச் சரிவில் தன் அம்மா கடலை பயிரிட்டது, மழை வந்தால் பாதை இடம் மாறுவது என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் குரல் இறங்கிவிட்டது. “இதெல்லாம் வெள்ளிக்கிழம வராது. அந்தம்மா என் மூஞ்சியப் பாப்பாங்க. கொட்டகைதான் எனக்கு.”

அப்போதுதான் நிமிர்ந்தேன். முப்பத்தொரு பேரும் பஸ்ஸைச் சுற்றி நின்றிருந்தார்கள், எல்லார் காதிலும் என் விளக்கத்தைக் கேட்கக் காலையில் கொடுத்த இயர்போன். என் கழுத்து மைக்கை நான் அணைக்கவே இல்லை. மைக்கை அணைக்காமல் கழிவறைக்குப் போய் மானம் போனவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. நானும் ஒருத்தி. ஆனால் இந்தத் தடவை போனது வால்தோவின் மானம்.

அவர் திரும்பினார், முகங்களைப் பார்த்தார், வாய் பூட்டிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டத்தில் எர்சிலியா என்று ஒரு அம்மா, தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அதிகம் நக்கலடித்ததும் அவர்தான்.

“‘க’வ முழுங்கினாலும் கதைய முழுங்காதீங்க ஐயா,” என்றார். “நாங்க உங்கள எதுக்குப் பாக்கணும்? குன்றத்தான பாக்கணும்?”

சொல்லிவிட்டு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். மற்றவர்களும் திரும்பினார்கள். முப்பத்தொரு முதுகு, எதிரே சாம்பல் குன்று. என் மைக்கைக் கழற்றி வால்தோ கழுத்தில் மாட்டினேன். முக்கால் மணி நேரம் பேசினார். அன்று எங்கள் கால அட்டவணை நாசமாய்ப் போனது.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். பெனெதெத்தா மேசைக்குப் பின்னால் கை கட்டி உட்கார்ந்திருந்தார். வால்தோ வணக்கம் சொன்னார். வியர்த்தார். பிறகு மேசையைச் சுற்றிப் போய் முதலாளியம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“சிக்னோரா, நீங்க சன்னலப் பாருங்க,” என்றார்.

இப்போது இரண்டாவது கோடை. வால்தோ சியன்னாவில் அந்த அசல் ஓவியத்துக்குக் கூட்டத்தை அழைத்துப் போகிறார். அவர்கள் ஓவியத்தைப் பார்க்கிறார்கள், அவர் கடைசி வரிசைக்கும் பின்னால் நிற்கிறார். கொட்டாவி விடுகிறவர்கள் யாரும் இல்லை. முதுகுக்குப் பின்னால் பேசிச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் தான்தான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிகிறார், முகத்தைப் பார்த்தே.