ஓட்டு கேட்டு வந்த அமெரிக்க அம்மாள்

கடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் சமயம். நிறைமாதமாக இருந்த மகளுக்குத் துணையாக, மட்டாஞ்சேரியிலிருந்து முதல் தடவையாக அமெரிக்கா போயிருந்தேன்.

தேர்தலைத் திருவிழா மாதிரி பார்த்தே பழகிய எனக்கு, அந்த ஊரின் அமைதி விசித்திரமாக இருந்தது. ஜீப் இல்லை, மைக் இல்லை, சுவரெழுத்தும் இல்லை. வீட்டு வாசல் புல்தரையில் வேட்பாளர் பெயர் எழுதிய சின்னப் பலகை மட்டும் நிற்கும். வேறு வேறு பலகை வைத்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. டிவியைப் போட்டாலோ ஒரே கத்தல். "எலெக்ஷன் பத்தி யாருகிட்டயும் வாயைத் திறக்காதீங்க உம்மா" என்று வந்த அன்றே மகள் சொல்லிவிட்டாள்.

ஒரு மதியம் மகள் படுத்திருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வெயிலில் முகம் சிவந்துபோன ஒரு வெள்ளைக்கார அம்மாள், கையில் போனோடு நின்றார். உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா, எங்கள் வேட்பாளருக்குப் போடுவீர்களா என்று கேட்டார். அந்த அளவு ஆங்கிலம் எனக்குப் புரியும்.

எங்கள் தெருவில் ஓட்டு கேட்டு வருகிறவர்களை முகம் வாட அனுப்பமாட்டோம். எல்லாக் கட்சியிலும் தெரிந்தவர்களின் பிள்ளைகள்தான். வருகிற எல்லாரிடமும் "உங்களுக்குத்தான்" என்று சொல்லி, சாயா கொடுத்து அனுப்புவோம். அது சும்மா ஒரு மரியாதை என்று அவர்களுக்கும் தெரியும். அதே பழக்கத்தில், "யெஸ், யெஸ்" என்று வாய் நிறையச் சிரித்துத் தலையாட்டிவிட்டேன். அவர் போனில் எதையோ பதிந்துகொண்டு போனார்.

மகளிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "எந்தா உம்மா இது! நமக்கு இங்க ஓட்டே இல்லையே. ஓட்டு இருக்குன்னு பொய் சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. க்ரீன் கார்டுக்கு வேற போட்டிருக்கோம்!"

அந்த அம்மாளைத் தேடிப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட நான் வாசலுக்கு ஓடினேன். சொல்லச் சொல்லக் கேட்காமல், அந்த வயிற்றோடு செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் கிளம்பினாள். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று உள்ளுக்குள் துஆ கேட்டபடியே வந்தேன்.

அடுத்த தெரு முனையில் அவரைப் பிடித்தோம். "நோ வோட். ஐ விசிட்டர். சாரி" என்றேன். அதற்குள் கண் கலங்கிவிட்டது. அவர் என் தோளைத் தட்டிச் சிரித்தார். அன்று பாதிக் கதவுகள் முகத்தில் அறைந்தது போல மூடினவாம். இவ்வளவு சந்தோஷமாக யாரும் "யெஸ்" சொன்னதில்லை, அப்போதே சந்தேகப்பட்டேன் என்றார். பதிந்ததை அழித்து, மகளிடம் போனைக் காட்டினார். தன் தண்ணீர் பாட்டிலையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் திரும்பும்போதும் மகள் என் கையை விடவில்லை. வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். "இன்னைக்கு மட்டும் இல்ல உம்மா, இங்க எனக்கு எப்பவும் இந்தப் பயம்தான்" என்றாள்.

இப்போதும் வீடியோ காலில் அவள் "சுகமா இருக்கேன் உம்மா" என்று சிரிக்கும்போது, உண்மையாகவா என்று இன்னொரு தடவை கேட்காமல் என்னால் போனை வைக்க முடிவதில்லை.