பெரியம்மா சொல்லி முடித்த கதை

பெரியம்மாவின் கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பெரியம்மா சோரியாங்குப்பத்தில், பிறர் நிலத்தில் நடவு நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் சீக்கிரமே தவறிவிட, தங்கையான என் அம்மாவை வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று நின்றுவிட்டார். பின்னாளில் என் தந்தையும் போய்ச் சேர, கைக்குழந்தையான என்னோடு அம்மா திரும்பி வந்ததும் அக்கா வீட்டுக்குத்தான். கரும்பு வெட்டி என்னைப் படிக்க வைத்து ஆசிரியை ஆக்கியவர் பெரியம்மா. மகா கோபக்காரர். டீக்கடையில் எங்களவர்க்கென்று வைத்திருந்த தனிக் குவளையைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு வந்தவர். தொண்ணூறைத் தாண்டியும் அந்தக் கோபம் குறையவில்லை.

இந்த ஐப்பசியில், நூறு வயதைக் கடந்த கறுப்பின அமெரிக்கச் சகோதரிகள் இருவரின் வாழ்க்கையைச் சொல்லும் தொலைக்காட்சி நாடகம் ஒன்றைப் போட்டேன். அவர்கள் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன். வெள்ளையருக்கு ஒரு குழாய், இவர்களுக்கு ஒரு குழாய் என்ற இடம் வந்ததும் பெரியம்மா அம்மாவின் தொடையைத் தட்டினார்.

"பாத்தியாடி, அங்கியும் தனி கிளாசுதான்!"

சிரித்தோம். வீட்டில் அதுதான் கடைசிச் சிரிப்பு. கதையில் ஒருத்தி படுத்த படுக்கையாகிவிட, மற்றவள் கஞ்சியோடு நிற்கிறாள். அந்த இடத்தில் மழையால் கரண்ட் போனது.

"படுத்தது யாரு? பெரியவளா, சின்னவளா?" என்று கேட்டார் பெரியம்மா.

"சின்னவங்க" என்றேன். பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் ஊரில் பாரதக் கூத்தை யாரோ சாகும் கட்டத்தில் விட்டுவிட்டு எழுந்து வர மாட்டார்கள். தருமருக்குப் பட்டம் கட்டும் வரை இருந்தாக வேண்டும். பாதியில் விட்ட கதை வீடு தேடி வரும் என்பது பெரியம்மாவின் நம்பிக்கை.

மறுநாளே அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு இழுத்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் வரவில்லை, செல்போனும் அணைந்துவிட்டது. பகலிலேயே வீடு இருட்டிக் கிடந்தது.

"அந்தக் கதய முடிச்சிடுடி" என்றார் பெரியம்மா.

"எனக்கே முடிவு தெரியாதே பெரியம்மா."

"அப்போ நான் முடிக்கிறேன்" என்று தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். "சின்னவ எழுந்து கஞ்சி குடிச்சா. பெரியவதான் போய்ச் சேந்தா. அவ்ளோதான் கத."

"இன்னா பேச்சு இது!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு. பெரியவ இருக்கச்சொல்ல சின்னவ போவறது இன்னா நாயம்?"

தண்ணீர் வடிந்த அன்று அம்மா எழுந்து கஞ்சி குடித்தார். அதைப் பார்த்துவிட்டுப் படுத்த பெரியம்மா பிறகு எழவில்லை. வயதுதான் காரணம் என்றார் மருத்துவர். படித்தவள் நான், அதைத்தான் நம்ப வேண்டும். நம்ப முடியவில்லை. பெரியம்மாமேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வெள்ளத்தில் நடந்தே வந்து அம்மாவுக்கு ஊசி போட்ட செவிலியருக்கும், சேற்றில் பாடை சுமந்த பங்காளிகளுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் கண்ணீர் கலந்த நன்றி.

இம்மலர் அச்சுக்குப் போகுமுன் அம்மா மீதி நாடகத்தைப் போடச் சொன்னார். படுத்தவள் எழுந்துகொள்கிறாள். கிழவிகள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து, குழம்பில் உப்பு போதுமா என்று சண்டை போடுவதோடு கதை முடிந்தது.

"யாருமே சாவலியேடி" என்றார் அம்மா. "இத அக்காகிட்ட நான்தான் போய்ச் சொல்லணும்."