பொதுமக்கள் பெயரில் நான் எழுதிய மனு

எங்கள் தெருக் கடைசி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த தறித் தொழிலாளிகள் குடியிருந்தார்கள். பகலெல்லாம் கதவு சாத்தியே இருக்கும். உள்ளே ஏதோ தப்பு நடக்கிறது என்று சந்தேகப்பட்டேன். அவர்களைக் காலி செய்யச் சொல்லி வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு எழுதி, ‘இப்படிக்கு, பொதுமக்கள்’ என்று முடித்தேன்.

கவுன்சிலர் பேசியதும், மாதக் கடைசிக்குள் அவர்களைப் போகச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். ‘நீங்கள் படித்தவர், கவுன்சிலரிடம் பேசுங்கள்’ என்று அவர்களில் ஒருவன் என்னிடமே வந்து நின்றான். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் என்பது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கவுன்சிலரிடம் போனேன். “அவங்கள இருக்க விடச் சொல்லுங்க அம்மிணி.”

“ஏனுங்கய்யா, உங்க ஊட்ல குடி வெக்கறீங்களா? ஊர்ச்சனமே எழுதிக் குடுத்திருக்குதுங்க” என்று சிரித்தார்.

“அந்த ஊர்ச்சனம் நான் ஒருத்தன்தானுங்க.”

சிரிப்பு நின்றது. இதிலும் ஏதோ சூது இருக்கும் என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

“இப்பச் சொன்னதை எழுதி, உங்க பேரைப் போடுங்க. அப்பறம் ஊட்டுக்காரருகிட்டப் பேசறேன்.”

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை படித்த பிறகே போனை எடுத்தார்.

அவர்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். பார்த்தால் கும்பிடுகிறார்கள். முதல் மனுவை எழுதியது யார் என்று அவர்களிடம் நான் இதுவரை சொல்லவில்லை.