சுக்கு மணக்கும் தேன்

குலசேகரத்துக்கு மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் நாற்பது தேன்பெட்டிகள் வைத்திருக்கும் ஜெபகனி, தன் பாட்டில்களின் மேல் ‘ரப்பர் இலைத் தேன்’ என்று எழுதித்தான் விற்பாள். மற்றவர்கள் ‘மலைத்தேன்’ என்றோ ‘காட்டுப்பூத் தேன்’ என்றோ எழுதுவார்கள். அப்படி எழுதிய பாட்டிலைக் கன்னியாகுமரிக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் ஆசையாக வாங்கிப்போவார்கள். ஜெபகனியின் பாட்டிலை எடுத்தவர்கள் எழுத்தைப் படித்துவிட்டுக் கீழே வைப்பார்கள். சிலர் முகர்ந்து பார்ப்பார்கள், டயர் நாற்றம் அடிக்கிறதா என்று. சந்தையில் அவள் பக்கத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு விற்கிறவள், இதைத் தின்றுவிட்டு நடந்தால் கால் பஞ்சராகாது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

முதல் இரண்டு வருடம் ஜெபகனியும் ‘மலைப்பூத் தேன்’ என்றுதான் எழுதினாள். ஒருநாள் ஒரு பள்ளி ஆசிரியை பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, எந்தப் பூ என்று கேட்டார். பதில் தெரியவில்லை. விற்கிற பொருளைப் பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் தெரியாதது அவளை நாள்கணக்கில் உறுத்தியது. ரப்பர் மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுத் தளிர்த்த சமயம், தாழ்ந்த கிளை ஒன்றின் அடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பூ இன்னும் விரியவில்லை. ஆனால் தேனீக்கள் தளிரை மொய்த்தன. ரப்பர் இலை ஒரு காம்பிலிருந்து மூன்றாகப் பிரியும். பிரிகிற இடத்தில் கடுகிலும் சிறிய மேடுகள் இருந்தன. அவற்றிலிருந்து நீர் கசிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்; இனித்தது. அன்றைக்கே எழுத்தை மாற்றினாள். தேனீ எங்கிருந்து கொண்டுவந்தது என்று தனக்குத் தெரியாத தேனை விற்பதில்லை என்றும் அன்றைக்கே முடிவு செய்தாள்.

அந்த முடிவால் கடைகளில் விற்பனை பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்த எழுத்தைப் பார்த்தே ஒருவர் தேடி வந்தார். கோட்டாற்றில் லேகியம் கிண்டும் கிருஷ்ணமணி வைத்தியர். இலை என்று எழுதினால் விற்காது என்று தெரிந்தும் எழுதுகிறவளிடம் நம்பி வாங்கலாம் என்பது அவருடைய கணக்கு. ஒன்பது வருடமாக அவளுடைய தேனில் பெரும்பகுதி அவருக்குத்தான் போனது. கேனின் மூடியைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். ஜெபகனி நல்ல தேன் என்று சொன்னால் அவருக்கு அது நல்ல தேன். அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

சென்ற வருடம் பங்குனிக் கடைசியில், பருவத்தின் கடைசித் தேன் எடுப்பு. வழக்கமாக ஒவ்வொரு பெட்டியின் தேனையும் நக்கிப் பார்த்த பிறகுதான் கேனில் ஊற்றுவாள். அன்றைக்கு மேற்கே வானம் கறுத்து இடி முழங்கியது. தேனடைச் சட்டங்களின் மெழுகு மூடியைச் சீவி, டிரம்மில் போட்டுச் சுற்றி, வடிந்ததை எல்லாம் ஒன்றாக ஊற்றினாள். நான்கு கேன், அறுபது கிலோ. மழை ஓய்ந்த பிறகு ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தபோதுதான் சந்தேகம் தட்டியது. நிறம் வழக்கத்தைவிட ஒரு மடங்கு கறுப்பு. தொண்டையில் இறங்கும்போது சுக்கு மணத்தது.

ரப்பர் பால்வெட்டுக்குப் போய் வந்த அவள் கணவர் ஞானசிகாமணி ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு தேன் எடுத்ததில்லை என்றார். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து ருசி பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு பாட்டில் சொல்லி வைத்தார்கள். எல்லாருக்கும் பிடித்தது. ஜெபகனிக்கு மட்டும், இதில் சுக்கு எப்படி வந்தது என்று தெரியவேண்டியிருந்தது.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். டிரம், கத்தி, வடிதுணி எல்லாவற்றையும் முகர்ந்தாள். ஒன்றிலும் மணமில்லை. பக்கத்தில் இஞ்சி பயிரிட்டிருந்தார்கள். ஆனால் பங்குனியில் இஞ்சி பூக்காது. பூத்தாலும் பச்சை இஞ்சியின் மணம் வேறு, காய்ந்த சுக்கின் மணம் வேறு. பெட்டிகளைத் திறந்து, ஒட்டியிருந்த மிச்சத் தேனை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போனாள். மேற்கு வரிசையில் இருந்த பதினொரு பெட்டிகளில் மட்டும் மணம் இருந்தது. அப்படியானால் கொண்டுவந்தது தேனீக்கள்தான்.

மறுநாள் அந்த வரிசையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ரப்பர் இலையில் இனிப்புநீர் காலையில்தான் கசியும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும். தவிரவும் அந்த வாரம் இலைகள் முற்றிக் கரும்பச்சையாகியிருந்தன. நியாயப்படி மத்தியானத்துக்குப் பிறகு தேனீக்களுக்கு வேலை இருக்கக்கூடாது. ஆனால் நாலரை மணிக்கு அந்தப் பதினொரு பெட்டிகளின் வாசலிலும் தேரோட்டத்துக் கூட்டம். ஜெபகனி வீட்டுக்கு ஓடி ஒரு கிண்ணத்தில் அரிசிமாவு எடுத்துவந்து, வெளியே கிளம்பிய தேனீக்களின் மேல் கொஞ்சம் தூவினாள். வெள்ளை முதுகோடு அவை மேற்கே பறந்தன. செல்போனில் நேரம் பார்த்தாள். முதல் வெள்ளை முதுகு ஒன்பது நிமிடத்தில் திரும்பி வந்தது. அதிக தூரமில்லை.

அவையே வழிகாட்ட, ஓடையைத் தாண்டி, ஒரு வாழைத்தோட்டத்தைத் தாண்டி நடந்தாள். தோட்டத்து எல்லையில் பிந்துவின் உப்பேரிக் கொட்டகை. பிந்து அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். தை மாதத்தில்தான் தொழில் தொடங்கியிருந்தாள். நேந்திரங்காயைத் துண்டு போட்டு வறுத்து, வெல்லப்பாகில் புரட்டி, சுக்குப்பொடி தூவி எடுப்பாள். பாகு காய்ச்சிய உருளியைக் கழுவிய தண்ணீர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழியில் தேங்கி நின்றது. குழியின் ஓரமெங்கும் தேனீக்கள். அவற்றில் ஒன்று மாவு பூசிய முதுகோடு தலையைக் கவிழ்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஜெபகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு வெளியே வந்தாள் பிந்து.

“வந்தியா? நானே உன்னத் தேடி வரணும்னு இருந்தேன். உனக்க தேனீச்ச இங்க வேலைக்கு நிக்குத பிள்ளைக்க கைய மூணு தடவ கொட்டிட்டு.”

“எம்புட்டு நாளா வருது, பிந்து?”

“மாசி மொதல்ல இருந்தே உண்டு. கூலி கேக்காம உருளி கழுவுதுன்னு நானும் விட்டுட்டேன்.”

ஜெபகனியின் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. பங்குனி பிறந்ததும் எடுத்த இரண்டாம் எடுப்பு, முப்பது கிலோ, வைத்தியரிடம் போய்ச் சேர்ந்து மூன்று வாரமாகிவிட்டது. ஆரம்பத்தில் நாலு தேனீ மட்டும் போய்வந்த நாளில் எவ்வளவு கலந்திருக்கும்? கொஞ்சம்தான். அவள் நாக்குக்கே அப்போது தெரியாத அளவு. ஆனால் கலந்திருந்தது.

குழியை மூடிவைக்கப் பிந்து உடனே ஒத்துக்கொண்டாள். மறுநாளே பழைய சிமெண்டுப் பலகை ஒன்றை இழுத்துப் போட்டாள். அந்தப் பாடு தீர்ந்தது.

வீட்டில் ஞானசிகாமணி நிதானமாக வாதாடினார். கலந்தது நாமா? இல்லை. தேனீ கொண்டுவந்து பெட்டியில் வைத்ததைத்தானே உலகம் தேன் என்கிறது? அது பூவிலிருந்து எடுத்ததா குழியிலிருந்து எடுத்ததா என்று யார் கேட்டார்கள்? போதாததற்கு லேகியத்தில் வைத்தியரே வெல்லமும் சுக்கும் போடுகிறார். இதைப் போய்ச் சொன்னால் ஒன்பது வருடத்து ஆள் கைவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

ஜெபகனிக்கு அதற்குப் பதில் காலையில், காபி ஆற்றும்போது கிடைத்தது. ஆனி, ஆடி மழையில் தேனீக்குத் தீனி கிடைக்காது. அப்போது அவளே சீனிப்பாகு காய்ச்சிப் பெட்டிக்குள் வைப்பாள். அதையும் அவை குடித்து அடையில் சேர்க்கும். அதைத் தேன் என்று அவள் ஒருநாளும் எடுத்ததில்லை.

“நான் வச்ச பாகு தேனில்லேன்னா, பிந்து வச்ச பாகு மட்டும் எப்பிடித் தேனாவும்?” என்று கேட்டாள்.

ஞானசிகாமணி காபியைக் குடித்து முடித்துவிட்டு, எந்த பஸ்ஸுக்குப் போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

கோட்டாற்றில், மருந்துச் சாமான் மணக்கும் நீளமான அறையில், வைத்தியர் அவள் கொண்டுபோன பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்.

“நல்லாத்தானே இருக்கு மக்கா. என்ன கலந்த?”

“நான் கலக்கல்ல வைத்தியரே. தேனீச்ச கலந்துட்டு.”

மாவு தூவியது முதல் பிந்துவின் குழி வரை எல்லாவற்றையும் சொன்னாள். வைத்தியர் பங்குனியில் வந்த இரண்டு கேன்களையும் கொண்டுவரச் சொன்னார். ஒன்று காலி, லேகியமாகி அலமாரியில் இருந்தது. மற்றதைத் திறந்து இருவரும் மாறி மாறி முகர்ந்தார்கள். தேடினால்தான் கிடைக்கிற மணம். ஆனால் தேடினால் கிடைத்தது.

கணவர் சொன்னதையே ஜெபகனி மெல்லச் சொல்லிப் பார்த்தாள், லேகியத்தில் சுக்கு இருக்கத்தானே செய்கிறது என்று. அவர் அதற்கு ஒத்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்று அவளுக்கும் உள்ளே ஆசை இருந்தது.

“சுக்க நான் நிறுத்துப் போடுதேன். தேனுக்க உள்ள ஒளிஞ்சு வாற சுக்க எதுல வச்சு நிறுக்கது?” என்றார் வைத்தியர்.

எழுந்து போய் அந்த லேகியப் பாட்டில்களை ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து இறக்கி ஒரு சாக்கில் வைத்தார். ஜெபகனி உதவப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். சாக்கின் வாயைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இனி உனக்க வாக்க மட்டும் வச்சு எடுக்கமாட்டேன். வாற மாசியில நானே வந்து பெட்டியப் பாப்பேன். பாத்த பிறவுதான் எடுக்கதா வேண்டாமான்னு சொல்லுவேன்.”

மிச்சமிருந்த கேனைத் தூக்கிக்கொண்டு ஜெபகனி பஸ் ஏறினாள். பொய் சொல்லியிருந்தால் வாக்கு செல்லுபடியாகியிருக்கும். உண்மை சொன்னதால் செல்லாமல் போய்விட்டது. தக்கலை வரும்வரை கோபமாக இருந்தது. யார் மேல் கோபம் என்று யோசித்தாள். வைத்தியர், பிந்து, தேனீ, இடிமழை என்று ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தாள். ஆள் அகப்படவில்லை.

சுக்குத் தேனுக்கு வைகாசி வரைக்கும் வீடு தேடி ஆள் வந்தார்கள். அவள் விற்கவில்லை. ஆனி, ஆடியில் சீனிப்பாகுக்குப் பதிலாக அதையே தேனீக்களுக்கு ஊற்றி வைத்தாள். ஒரு பாட்டிலை மட்டும் ஞானசிகாமணி ஒளித்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். அதைத் தெரியாததுபோல் விட்டுவிட்டாள்.

இந்த வருடம் மாசியில் வைத்தியர் சொன்னபடியே வந்தார். கையில் ஒரு குடை, கண்ணில் தூரப்பார்வைக் கண்ணாடி. காலை பத்து மணிக்குப் பெட்டிகளுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தவர், சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்று சில ஏன் சிறகடிக்கின்றன, சிலவற்றின் காலில் மட்டும் மஞ்சள் ஏன், வெளியே போனது தன் பெட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் இரண்டுக்கும் ஜெபகனி பதில் சொன்னாள். மூன்றாவதற்குத் தெரியாது என்றாள். ஆரம்பத்தில் பரீட்சைக்கு நிற்பது போலிருந்தது. மத்தியானத்துக்கு மேல் அவளே இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருடத்தில் இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

நாலரை மணிக்கு வரிசைகள் அடங்கின. மேற்கு வரிசை முழுக்க அமைதி. வைத்தியர் திருப்தியாகக் கண்ணாடியைக் கழற்றப் போனார். வடக்கு மூலையில் ஒரு பெட்டியின் வாசலில் மட்டும் இன்னும் போக்குவரத்து இருந்தது. இருவரும் அதை ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

“அது எங்க போவுது?”

“தெரியாது வைத்தியரே.”

வைத்தியர் அந்தப் பெட்டியை மட்டும் தனியாக வைத்துவிட்டு, மற்ற முப்பத்தொன்பதின் தேனையும் போன வருடங்களைப் போலத் தனக்கே எடுத்துவைக்கச் சொன்னார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறுக்கு என்றாள் ஜெபகனி.

“அப்பம் நேரம் கெடக்கு,” என்று வைத்தியர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஜெபகனி முன்னால் நடந்தாள். இருவரும் வடக்கே பறந்த தேனீக்களைப் பார்த்தபடி ரப்பர் மரங்களுக்கு நடுவே போனார்கள்.