பனி விழும் என்று நான்தான் சொன்னேன்

மாமாவுக்கு வானம் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் பின்பாதி அது. சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனில் ரயில் பாதையோரக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மா மாலை நேரங்களில் கம்பனிக் கந்தோர்களைத் துப்புரவு செய்யப் போவார். அம்மாவின் தம்பிதான் இந்த மாமா. சூரிச்சில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை எங்கள் வீட்டு சோபாவில் படுத்து எழும்பினார்.

அந்த உணவகத்துச் சமையலறையில் வாராவாரம் உதைபந்தாட்டப் பந்தயம் நடக்கும். இத்தாலிக்காரச் சமையல்காரர் ஒருவர் காசைச் சேர்த்து வைத்திருந்து வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஆட்டக்காரரைப் பார்த்துக் காசு வைத்தார்கள். மாமா வானத்தைப் பார்த்து வைத்தார். மழையில் ஊறிய தரை என்றால், பந்தைக் கிட்டக் கிட்டக் கொடுத்து ஆடுகிற அணியை நம்பாதே. காற்றடித்தால், முதல் பாதியில் காற்றோடு ஆடுகிறவன் கோல் போடாவிட்டால் அவன் கதை முடிந்தது. மூடுபனி இறங்கினால் கோல் விழாது, சமநிலைக்கு வை. இதெல்லாம் ஊரில் மாரிகாலத்து மைதானங்களில் கற்றது. பனியை மட்டும் இங்கே வந்து, இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டு படித்தார். பனி கொட்டி, மைதானத்துக்குச் செம்மஞ்சள் பந்து வந்துவிட்டதென்றால் நகரத்து நுணுக்கக்காரர்களை மறந்துவிடு, மலைப்பக்கத்துத் தடியன்கள் மேல் கண்ணை மூடிக்கொண்டு வை. இதை அவர் எனக்கு எத்தனை தரம் ஒப்புவித்திருப்பார் என்று கணக்கில்லை.

மாமாவுக்கு ஜெர்மன் வராது. தொலைபேசியில் ஒரு எண்ணைச் சுழற்றினால் பதிவு செய்த குரல் ஒன்று வானிலை சொல்லும். சனிக்கிழமைகளில் அதைக் கேட்டு மாமாவுக்குச் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஜெர்மன் நாக்கு நான்தான். வேலை அனுமதிக் கடிதம், வைத்தியர், கீழ்வீட்டுக் கிழவரின் புகார் எல்லாம் என் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும், வெளியே போகும்.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பு. மாசி மாதத்தில் வகுப்பே மலைக்குப் பனிச்சறுக்கு முகாம் போகவிருந்தது. லாகர் என்பார்கள். ஒரு கிழமை முழுவதும் மரவீட்டில் தங்கி, அடுக்குக் கட்டில்களில் படுத்து, பகலெல்லாம் சறுக்கி விளையாடுவது. ரீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் கதைத்தாள். அப்பா ஓம் என்றார். எனக்காக மேலதிக ஷிப்ட் செய்து காசைச் சேர்த்தார். அதை ஒரு உறைக்குள் போட்டு, மேலே என் கையால் லாகர் என்று எழுதச் சொல்லி, அலுமாரியில் வைத்தார். நான் ஒவ்வொரு நாளும் அலுமாரியைத் திறந்து அந்த உறையைத் தொட்டுப் பார்ப்பேன்.

குளிர்கால இடைவேளைக்கு முந்திய கடைசி ஆட்டங்கள். சூரிச் அணி ஒன்றும் மலைப்பக்கத்து அணி ஒன்றும் மோதுகின்றன. சனிக்கிழமை மாமா வேலைக்குப் புறப்படுகிற நேரம் நான் வானிலையைக் கேட்டுச் சொன்னேன்.

"மாமா, பனியாம். கீழ்ப்பக்கமெல்லாம் கொட்டுமாம்."

"ஓம் ஓம், விளங்குது."

"அப்ப மலைப்பக்கத்து ரீமுக்குத்தானே வைக்கிறீங்கள்?"

"இல்லை. இந்த முறை சூரிச்சுக்கு."

எனக்கு விளங்கவில்லை. "பனியெண்டால் சூரிச் தோக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"நீ சும்மா இரு பிள்ளை. எல்லாம் எனக்குத் தெரியும்."

அப்போதுதான் அவருடைய சட்டைப் பையில் உறையின் நுனியைக் கண்டேன். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பாய்ந்து பிடுங்கப் பார்த்தேன். மாமா ஒரு கையால் என்னை விலக்கிக்கொண்டு சொன்னார். "அக்காட்டைக் கேட்டுத்தான் எடுத்தனான். நாளைக்கு இரண்டு மடங்காத் தாறன்."

குசினிக்குள் ஓடினேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மாமா என் லாகர் காசைக் கொண்டு போகிறார் என்று கத்தினேன். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "அவனுக்குத் தெரியும், விடு" என்றார். நான் வாசலுக்குத் திரும்பி ஓடி வருவதற்குள் மாமா படியிறங்கிவிட்டார். அம்மாவை நைசாகக் கதைத்து ஏமாற்றிவிட்டார் என்று எனக்குள் கொதித்தது.

ஞாயிறு மத்தியானம் பனி கொட்டத் தொடங்கியது. சொன்னபடியே கொட்டியது. அப்பா வேலையில். மாமா வானொலியைப் போட்டுவிட்டு முன்னால் குந்தினார். வர்ணனை சுவிஸ் பேச்சு மொழியில், வேகமாக ஓடும். அதையும் நானே தமிழில் சொல்ல வேண்டும். செம்மஞ்சள் பந்து கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொன்னேன். சூரிச்காரர் வழுக்கி வழுக்கி விழுகிறார்கள் என்று சொன்னேன். மலைக்காரன் முதல் கோல் அடித்தான், சொன்னேன். இரண்டாவதும் விழுந்தது. என் பயணத்துக்கு மண் போடும் கோல்களை நானே மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்த கொடுமையை என்னவென்பது. ஆட்டம் முடிந்ததும் நான் மாமாவின் முகத்துக்கு நேரே நின்று கத்தினேன். "நான் சொன்னனான்! பனியெண்டு நான் சொன்னனான்!" மாமா வானொலியை நிறுத்தினார்.

அப்பா வந்து மாமாவைக் கிழித்துத் தொங்கவிட்டார். "பிள்ளையின்ர காசிலையோ உனக்கு விளையாட்டு? வெக்கமில்லையோ உனக்கு?" அடுத்த வீட்டுக்காரர் சுவரில் தட்டும்வரை கத்தினார். மாமா நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

அத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கிழமை ரீச்சர் காசு எங்கே என்று கேட்க, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார். வீட்டில் காசில்லை, அதனால் வரமாட்டேன் என்று நான் ஜெர்மனில் சொன்னேன். ரீச்சர் சிரித்தாள். அதற்கென்ன, இப்படியான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே கட்டும், சறுக்குக் கட்டைகளும் தரும் என்றாள். எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. அம்மாவிடம் திரும்பி ஒரே மூச்சில் சொன்னேன்.

அம்மாவின் முகம் இறுகிவிட்டது. "பிச்சைக் காசிலை பிள்ளையை அனுப்பிற ஆக்களில்லை நாங்கள். அப்பிடியே சொல்லு" என்றார்.

நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. பாழாய்ப்போன நான் ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்தேன். ரீச்சரின் சிரிப்பு மறைந்ததையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிச்சை என்ற பேச்சு வந்ததே மாமாவால்தான் என்று அந்தக் கோபத்தையும் அவர் கணக்கிலேயே ஏற்றினேன்.

லாகர் கிழமையில் என்னை நாலாம் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள். என்னைவிடச் சின்னதுகளோடு இருந்து கடதாசியில் நட்சத்திரம் வெட்டினேன். மலை வெயிலில் முகம் கறுத்துத் திரும்பி வந்த என் வகுப்புக்காரர், எனக்கு விளங்காத பகிடிகளைச் சொல்லி வருடம் முழுவதும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் மாமாவுக்கு வானிலை கேட்டுச் சொல்லவில்லை. அவர் விண்ணப்பம் மறுக்கப்பட்டுக் கனடாவுக்குப் போகும்வரை முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை.

போன வருடம் என் மகளுக்கு அதே லாகர் வந்தது. நான் அவளுடைய பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்து காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயசிலை தனிய விடுறியோ? உன்னை மறிக்க நான் பட்ட பாடு" என்றார், ஏதோ பகிடி சொல்வதுபோல. "அப்பா ரீச்சருக்கு ஓமெண்டிட்டார். பிறகு மாமாட்டைக் காசைக் குடுத்து, தோக்கிற பக்கத்துக்கு வையடா தம்பியெண்டு நான்தான் சொன்னனான்."

கையில் இருந்த சுவெட்டரைக் கீழே வைத்தேன். ஏன் என்று கேட்டேன்.

"நீ அங்கை மலையிலை பெரியபிள்ளையாகியிருந்தால் ஆர் பாக்கிறது? பெடியளும் படுக்கிற இடம்."

விருப்பமில்லை என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்றேன். எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார். ரீச்சர் காரணம் கேட்பாளாம். அந்தக் காரணத்தை ஜெர்மனில் சொல்ல வீட்டில் என்னை விட்டால் வேறு ஆள் இல்லையாம்.

நான் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானது அதற்கு இரண்டு வருடம் கழித்து, பள்ளிக்கூடத்தில், கணித பாடத்துக்குக் கொஞ்சம் முன்னதாக. முகத்தைக் கழுவிக்கொண்டு பாடத்துக்குப் போனேன். மலையும் இல்லை, பெடியன்களும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது பிறகு நடந்தது, முதலே ஆருக்குத் தெரியும்" என்றார். கோபமோ என்று கேட்டார். ஓம் என்றேன். மாமாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவருக்கும் சேர்த்துத்தான் கோபம். தெரிந்துகொண்டு என்னை அந்த வானொலிக்கு முன்னால் இருத்தியவர்தானே.

அந்தப் பனி ஞாயிறு பின்னேரம் அப்பா கத்திக் களைத்துப்போய்க் குளிக்கப் போன பிறகு நடந்தது இப்போதும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா மாமாவுக்குச் சோறு போட்டார். பொரித்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார். மாமா வேண்டாம் என்று கையால் மறைத்தார். அம்மா அந்தக் கையை விலக்கி இன்னுமொரு துண்டு வைத்து, "சாப்பிடு தம்பி" என்றார். அப்பாவின் காசில் ஒரு சதம் குறைந்தாலும் உலகத்தைக் கூட்டுகிற அம்மா, உறையையே தொலைத்தவருக்கு இப்படி உபசாரம் செய்வதைக் கண்டு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவருக்கு ஏன் மீன் கொடுக்கிறீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன். சொன்ன வேலையை மாமா சரியாகச் செய்துவிட்டு வந்திருக்கிறார், அம்மா அதற்குக் கூலி கொடுக்கிறார் என்று பதினொரு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?